வெரைட்டி ஹால் வரலாற்றுக்கு உங்கள் பங்கு

அன்புடையீர், வணக்கம்.

கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் இப்போது வெரைட்டி ஹால் இல்லை. 1914-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய அந்தத் தியேட்டர், தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. பிற்பாடு டிலைட் என்று பெயர் மாறி, பல காலம் ஓடி, ஓய்ந்து, இடிபட்டும் போனது. கட்டடம்தான் போய்விட்டது, சரி, அதன் கதையையாவது சேர்த்து வைப்போம் என்று டவுன்ஹால் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களும் கடைக்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். அதற்காகத்தான் உங்களிடம் கையேந்துகிறோம்.

வின்சென்ட்டைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். 1905-ல், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் உடம்புக்கு முடியாமல் நாடு திரும்பக் கிளம்ப, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் பல ஊர்களில் படம் காட்டிய பிறகே சொந்த ஊரில் தியேட்டர் கட்டினார். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வராத காலம் அது. ஜெனரேட்டர் வைத்துத் தானே மின்சாரம் தயாரித்தார், அச்சகமும் அரிசி மில்லும் நடத்தினார். 1933-ல் ‘வள்ளி திருமணம்’ படத் தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு.

இதெல்லாம் முதலாளியின் கதை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவைப் பற்றியும் பட்சிராஜா ஸ்டுடியோவைப் பற்றியும் பேச ஊரில் ஆள் இருக்கிறது. டிக்கெட் கிழித்தவர், புரொஜெக்டர் அறையில் படம் ஓட்டிய கேபின் ஆப்பரேட்டர், இடைவேளையில் முறுக்குத் தட்டு தூக்கியவர், சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவர், இவர்களை யாரும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. எங்களுக்கு வேண்டியது அந்தக் கதை.

கேபின் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். செனான் விளக்கு வருவதற்கு முன் இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, நடுவில் எரியும் சுடரின் வெளிச்சத்தில்தான் படம் ஓடியது. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். அதைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கிவிடும், கீழே விசில் பறக்கும், ஆப்பரேட்டரின் பரம்பரையே ஏச்சு வாங்கும். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம். அது முடியப்போகும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும். அடுத்த ரீலோடு பக்கத்தில் நிற்கும் இரண்டாவது புரொஜெக்டரைத் தயாராக ஓட விடு என்று அதற்கு அர்த்தம். இரண்டாவது வட்டம் வந்ததும் மாற்றிவிட வேண்டும். நாமெல்லாம் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேலை தெரிந்தவர்கள் பலருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. டிஜிட்டல் வந்தபின் அவர்களைத் தேடி யாரும் போகவில்லை.

திட்டம் இதுதான். வெரைட்டி ஹாலில் தொடங்கி, கோவையின் பழைய ஒற்றைத்திரை அரங்குகளில் வேலை பார்த்தவர்களையும் அங்கேயே பழியாகக் கிடந்த ரசிகர்களையும் ஒலி, ஒளிப்பதிவு செய்வது. நோட்டீஸ், டிக்கெட், பாட்டுப் புத்தகம், போட்டோ ஆகியவற்றை ஸ்கேன் செய்து அசலை உடையவரிடமே திருப்பித் தருவது. அப்புறம் ஒரு புத்தகம், ஒரு கண்காட்சி. மொத்தம் மூன்றரை லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பாதிக்கு மேல் அச்சுக்கும் ஒளிப்பதிவுக்கும் போகிறது. குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. பேட்டி கொடுக்கும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். அதில் கைவைக்க எங்களுக்கு மனமில்லை.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ஐநூறும் அதற்கு மேலும் தருபவர்களுக்குப் புத்தகம் ஒரு பிரதி. வருமான வரி விலக்குச் சான்று எங்களால் தர இயலாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பணம் வேண்டாம் என்பது குழுவில் சண்டை போட்டு எடுத்த முடிவு. வரவு செலவுக் கணக்கைக் கண்காட்சி வாசலிலேயே ஒட்டிவைப்போம்.

பணம் தர வசதியில்லாதவர்கள் பரண்மேல் ஒருமுறை பாருங்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டீஸோ டிக்கெட் துண்டோ இருந்தால் பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது தியேட்டரில் வேலை பார்த்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களே ரெக்கார்டரோடு வருகிறோம். நன்கொடையைக் குழு உறுப்பினர்களிடம் நேரில் கொடுத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குழுவினர்