அம்மம்மாவின் மெஷினில் துரு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், எங்கள் ஊரில் நடக்கவிருக்கும் பழம்பொருள் கண்காட்சி பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. கடைசிப் பந்தியில் ஒரு வசனம்: "வீட்டு மூலைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பொருட்களைப் பொதுமக்கள் மனமுவந்து ஒப்படைக்க வேண்டும்." அதை வாசித்துவிட்டு நான் வைத்த தேத்தண்ணி வைத்தபடியே ஆறிப்போனது.

ஏனென்றால் அதற்கு முதல் கிழமைதான் அந்தக் கண்காட்சியை நடத்தும் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு தம்பிமார் என் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். அம்மம்மாவின் சிங்கர் தையல் மெஷினை ஆறு மாதத்துக்குக் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கொடுப்போம் என்று முக்கால் மனம் வந்திருந்த நேரத்தில் உங்கள் வசனம் வந்து விழுந்தது.

முதலில் அந்தத் துருவைப் பற்றிச் சொல்கிறேன். திருகோணமலை உப்புக்காற்றில் யன்னல் கொளுக்கி படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் நூறு வயதை எட்டும் ஒரு மெஷின் இன்றைக்கும் தைக்கிறது என்றால், அது தானாக நடக்கவில்லை. அதன் இலக்கம் ஒய் என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் என்ற ஊரில் 1920களில் செய்தது. அந்தத் தொழிற்சாலையே 1980இல் மூடிவிட்டார்கள். கையால் சுற்றும் மெஷின். இப்போது வட்ட பொபின் போடுகிறோமே, இதில் அது நீட்டாக, சுண்டுவிரல் போல இருக்கும். தோட்டா மாதிரி ஒரு கூட்டுக்குள் அதை நுழைத்துத் தகட்டுக்கு அடியில் வைத்தால், முன்னும் பின்னும் ஆடி ஆடி நூலைப் பிடிக்கும். அம்மம்மா அதைத் 'தோணி' என்பார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு பழந்துணியில் நாலு வரி வெறுந்தையல் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வைக்கும் சீலையில் எண்ணெய் பட்டுவிடும். எண்ணெய் விட்டு ஓட்டாமல் வைத்தாலும் பிழை; அது பிசினாகி இறுகிவிடும். ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டுக்கூடக் கைப்பிடியில்தான் வைப்பேன். தங்க நிறப் பூ வேலையில் ஈரம் படக் கூடாது. மூலையில் கிடக்கிறதாம்!

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் துறைமுகத்துக்குக் குண்டு போட்ட அன்று அம்மம்மா மெஷினைச் சாக்கில் சுற்றி, கிணற்றடியில் பாத்திரங்களோடு வைத்து மண்ணைத் தள்ளிவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக, அம்மப்பாவின் டொக்யாட் (கப்பல் பழுதுபார்க்கும் துறை) வேலையும் போனது. அதற்குப் பிறகு ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டது இந்தத் தோணிதான். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூள, என் முறை வந்தது. மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சீலையில் சுற்றிச் சைக்கிள் காரியரில் கட்டி, நிலாவெளிப் பக்கம் உருட்டிக்கொண்டு நடந்தேன். சனத்தில் பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். வளைந்த மர மூடியை வீட்டில் விட்டேன். திரும்பி வந்தபோது மூடியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

அடுத்தது 'ஒப்படைக்க'. எத்தனையோ நல்ல சொல் தமிழில் இருக்க, உங்கள் நிருபருக்கு இதுதானா கிடைத்தது? இந்தச் சொல்லை நாங்கள் எந்த வரிசையில் நின்று, யார் வாயால் கேட்டுப் பழகினோம் என்று ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு நான் விளக்க வேண்டுமா? நான் ஒப்படைத்த பொருள் ஒன்றாவது திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை.

வரிசை எல்லாம் வேண்டாம், சண்டை சச்சரவு இல்லாத ஒரு கதை சொல்கிறேன். ஒரு பாடசாலையின் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அம்மப்பாவின் படத்தைக் கேட்டார்கள். டொக்யாட் ஆட்கள் மூன்று வரிசையில் நிற்கும் படம். இரண்டாவது வரிசையில் ஒருவர் மட்டும் தொப்பி இல்லாமல் நிற்பார், அவர்தான். மூன்று நாள் என்றார்கள். நாலாம் நாள் போனேன். பொறுப்பாக இருந்த ஆசிரியருக்கு இடமாற்றமாம், அலுமாரித் திறப்பு அவரிடமாம். அடுத்த மாதம் போனேன், அலுமாரியே வேறு. ஒரு துண்டுக் கடதாசிகூட நான் எழுதி வாங்கவில்லை, எங்கள் ஆட்கள்தானே என்ற நினைப்பு. அம்மப்பாவுக்கு எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான். இன்று என் பேரப்பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரியாது.

பெரிய இடங்களும் பெரிய வித்தியாசமில்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வத்தின் வெண்கலச் சிலை நிற்கிறது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையில் கண்டெடுத்தது. கொடுத்தவர்: முன்னாள் தேசாதிபதி பிரவுன்றிக், 1830. அவருக்கு யார் கொடுத்தது, எப்போது திருப்பித் தருகிறேன் என்று வாங்கினார் என்பதையும் எழுதிவைத்தால் நல்லது. (மேலுடை இல்லை என்று அவளை நெடுங்காலம் சனத்துக்குக் காட்டாமலே வைத்திருந்தார்களாம். அதற்கு இங்கேயே விட்டிருக்கலாம்.)

அருங்காட்சியகம் என்றாலே வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. வந்த இருவரில் இளையவர் தொடுவதற்கு முன் "தொடலாமா அம்மா?" என்று கேட்டார். தகட்டை நகர்த்தித் தோணியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்துக்காகவே கொடுக்கலாம் என்று தோன்றியது. பிறகு படிவத்தை நீட்டினார்கள். "பெறப்பட்டது: பழைய தையல் இயந்திரம் – 1." கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. திருப்பித் தரும் திகதிக்கு இடமில்லை. அவர்கள் கையெழுத்துக்கும் இடமில்லை. சந்தையில் சைக்கிள் விடுகிற இடத்தில்கூட இலக்கம் எழுதித் துண்டு தருகிறார்கள் ஐயா.

ஆகவே நானே ஒன்று எழுதியிருக்கிறேன், இரண்டு பிரதி. மெஷினின் இலக்கம், சில்லில் இருக்கும் சிறு வெடிப்பு, தோணி ஒன்று, பொபின் நாலு. மாதம் ஒருமுறை எண்ணெய் விட நான் வருவேன், கண்ணாடிப் பெட்டியின் திறப்பு அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும். பக்கத்தில் வைக்கும் அட்டையில் 'ஒரு நலன்விரும்பி' என்று போடாமல் அம்மம்மாவின் பெயரைப் போட வேண்டும். தமிழில் எழுத்துப் பிழை இல்லாமல் போட வேண்டும்; மூன்று மொழியில் எழுதும்போது கால், கொம்பு தவறுவது எப்போதும் எங்கள் மொழிக்குத்தான். ஆறு மாதம் முடியும் திகதியையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் கையெழுத்து வைத்தால் மெஷின் போகும், வைக்காவிட்டால் என் பேத்தியின் பாடசாலைச் சட்டைக்கு மடிப்பு அடிக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் கேட்பது சின்ன விசயம். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு வரி போதும். 'துருப்பிடித்து' என்பதை எடுத்துவிடுங்கள். 'ஒப்படைக்க' என்ற இடத்தில் 'இரவல் கொடுக்க' என்று போடுங்கள். தம்பிமார் திங்கட்கிழமை வருகிறார்கள், ஞாயிறு வந்துவிட்டால் உதவியாக இருக்கும். முடிந்தால் இதையும் சேருங்கள்: பழைய மெஷினைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாலையூற்றிலிருந்து ஒரு வாசகி,
திருகோணமலை.