அணையும் கப்பலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

'வெள்ளைக்காரன் அணை கட்டியதால்தான் டெல்டா பிழைத்தது' என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுப்பியதை நான் மறுக்கவில்லை. ஆனால் மணலில் அடித்தளம் போடும் வித்தையை நம் பழைய அணைகளிடம்தான் அவர் கற்றார். கிழக்கிந்தியக் கம்பெனி தர்மத்துக்காகவும் செலவழிக்கவில்லை. 1799இல் மன்னர் இரண்டாம் சரபோஜியிடமிருந்து தஞ்சைச் சீமையின் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்ட பிறகு, வயலில் நீர் பாய்ந்தால்தானே நிலவரி வசூலாகும்!

அதே நூற்றாண்டில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து கூலிகளைக் கப்பல் கப்பலாகப் பினாங்குக்கு ஏற்றினார்கள். நெற்களஞ்சியத்தை விட்டு மக்கள் ஏன் கடல் கடந்தார்கள்? நிலம், பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதார் கையில் இருந்தது. பண்ணையாளுக்குச் சேறுதான் மிச்சம். சாதிக்கட்டு ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல, அந்தப் பழியை அவர்கள் தலையில் கட்டக்கூடாது. ஆனால் வரி வசூலுக்கு வசதியாக மிராசு உரிமைக்கு அரசு முத்திரை குத்தியது அவர்கள் ஆட்சி.

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகும் பள்ளிகள், நாகை துறைமுகத்தையும் காட்டி, அங்கே கப்பலேறியவர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மயிலாடுதுறை.