பான்டோப்ரசோலை நிறுத்தியதும் ஏன் எரிகிறது?

அன்பு மகள் கயலுக்கு,

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை விட்ட நான்காம் நாளே வயிறு முன்னைவிட மோசமாக எரிகிறது, ஆயுசுக்கும் இதுதானா என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா. ஆறு மாதம் விடாமல் போட்டதன் எதிர்வினை இது.

இரைப்பையின் அடிப்பகுதியில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சாப்பாடு போய் வயிறு விரிந்ததும் அது ரத்தத்தில் கலந்து, ஒரு சுற்று சுற்றி மறுபடி இரைப்பைக்கே வரும். அங்கே சில செல்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவர வைக்கும். ஹிஸ்டமின், அமிலம் சுரக்கும் செல்களை முடுக்கும். அமிலம் ஏறி, பிஎச் என்ற அமில அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இறங்கினால் சொமட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்கிவிடும். நீ மாத்திரையால் அமிலத்தையே குறைத்துவிட்டாய். அடக்க ஆளில்லாமல் காஸ்ட்ரின் ஏறியது, ஹிஸ்டமின் செல்களும் பெருத்தன. இப்போது எல்லாம் சேர்ந்து அமிலத்தைத் தள்ளுகின்றன. சில வாரங்களில் தானாகத் தணியும்.

ஒரேயடியாக விடாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி தொடங்கி, வலிமாத்திரையை விட்ட பிறகு 40 மில்லிகிராமை 20 ஆக்கு, இரண்டு வாரம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். காலை இட்லிக்கு அரைமணி முன்னால் போடு. செல்லிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று உண்டு; அது ஓடும்போதுதான் அந்த மருந்து அதைப் பிடிக்கும். பம்பை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரமே இருக்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதி வீண். ராத்திரி எரிந்தால் பால் வேண்டாம். குடித்ததும் இதமாக இருக்கும், ஆனால் பாலின் கால்சியமும் புரதமும் அமிலத்தை மறுபடி கூட்டிவிடும்.

எனக்குக் கவலை முதுகுவலிக்கு நீ போடும் டைக்ளோஃபினாக்கைப் பற்றித்தான். இரைப்பைச் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்றொன்று உண்டு. சுரந்த இடத்திலேயே வேலை செய்யும் ஹார்மோன் என்று வைத்துக்கொள். ரத்த நாளங்களை விரித்து வைப்பது அது. உள்ளே கசியும் அமிலத்தை அந்த ரத்தம்தான் அலசிக்கொண்டு போகும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் கொண்டுவந்து சேர்க்கும். வலிமாத்திரை புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தினால் ரத்த ஓட்டம் சுருங்கும், சளிப்படலம் மெலியும், புண் விழும். ஊசியாகப் போட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் மருந்து ரத்தம் வழியாகவே போகிறது. அதனால் டைக்ளோஃபினாக் ஓடும்வரை பான்டோப்ரசோலைக் குறைக்கவே குறைக்காதே. முதலில் வலிமாத்திரையை விடு. பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேள்.

மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுத்தால், காப்பிப்பொடி நிறத்தில் வாந்தி வந்தால், காலைவரை காத்திராதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, போகிற வழியில் எனக்கு போன் செய்.

அன்புடன்,
அப்பா