தூக்கப் போனவரும் சாகிறாரே!

ஆசிரியருக்கு,

விஷவாயு தாக்கியவர்களுக்கான முதலுதவி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'மயங்கியவரை உடனே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கி வாருங்கள்' என்பதுதான் முதல் வரி. தகவல் தவறில்லை. ஆனால் யார் தூக்குவது, எப்படித் தூக்குவது என்று சொல்லாமல் விட்டது ஆபத்து. கழிவுத் தொட்டிக்குள் ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவருக்காக மூன்றாமவர். ஒரே தொட்டியில் அடுத்தடுத்துப் பல உயிர்கள் போவது இப்படித்தான்.

தொட்டிகளில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். அந்த நாற்றத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவை எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். 700, 1000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார், கத்தக்கூட அவகாசம் இருக்காது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கும். அதோடு, சகதிக்குள் சிக்கியிருப்பது காலாலோ கம்பாலோ கிளறியதும் குபுக்கென்று கிளம்பும். இறங்கும்போது ஒன்றும் செய்யாத தொட்டி, வேலை தொடங்கிய பிறகு கொல்லும்.

எரியும் மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கிப் பார்க்கும் பழக்கத்தைச் சிலர் இன்னும் விடவில்லை. தயவுசெய்து வேண்டாம். ஆளைக் கொல்லும் அளவுக்கு வாயு இருந்தும் சுடர் அணையாமல் எரியும். காற்றில் சுமார் 4 சதவீதம் கலந்துவிட்டாலோ வெடிக்கும். கூடவே மீத்தேனும் இருக்கக்கூடும். வாயுவின் அளவைக் காட்டும் கருவியான கேஸ் டிடெக்டர்தான் சரியான வழி, ஆள் உள்ளே இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, ஒருவர் விழுந்துவிட்டார். இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். அதனால்தான் கயிறில்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. ஈரத்துணியும் சாதாரண முகக்கவசமும் இந்த வாயுவைத் தடுக்காது. காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்றவர் மட்டுமே உள்ளே போகலாம்.

வெளியே கொண்டுவந்ததும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி சிபிஆர் தொடங்குங்கள். ஆனால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அவரிடமிருந்து வரும் வாயு உங்களையும் தாக்கலாம். கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் மூச்சுப்பை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழிவில் நனைந்த உடையைக் கழற்றுங்கள். கண் எரிந்தால் சுத்தமான நீரால் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

அப்புறம், எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவமனையில் சேர்த்து, எந்த வாயு தாக்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரியும் வாசகர்