எண்பத்திரண்டாவது அடுப்பு

அக்கா,

இன்று நவம்பர் 16. 2018-ல் கஜா புயல் கரையேறிய நாள் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. மூன்று முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். ஆனால் நான் செய்தது ஒரு அரங்கம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, மைக் பிடித்துச் செய்த காரியம். அதைப் போனில் மெதுவாகச் சொல்லி முடித்துக்கொள்வது சரியில்லை என்று பிறகு தோன்றியது. அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயர், நாம் வேலை பார்த்த இடம், அந்த ஊர் எதையும் எழுதப் போவதில்லை. படிப்பவர்களில் சிலருக்குப் புரியும். புரியட்டும்.

தலைமைப் பண்புப் பயிற்சியை இந்த வருடம் நான் நடத்த வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆமாம், நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்த மேசைக்கு இரண்டு மேசை தள்ளி. போன வாரம் பயிற்சிக் கையேடு என் கைக்கு வந்தது. 14-ஆம் பக்கத்தில் நான் இருக்கிறேன். ‘நெருக்கடியில் முடிவெடுத்தல்: ஒரு மாணவத் தலைவரின் அனுபவம்.’ புயல் இருக்கிறது, மறியல் இருக்கிறது, 81 குடும்பங்கள் இருக்கின்றன. லாரி ஓட்டிய அண்ணன்கூட ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறார், அக்கா. நீங்கள் இல்லை.

மாணவர்களையும் ஊழியர்களையும் சேர்த்து உட்கார வைத்த முதல் வருடம் நம்முடையதுதான். முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போன அந்த ஆகஸ்ட் மாதம். முதல் நாள் டீ வந்ததும் ஊழியர்கள் எல்லோரும் எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தீர்கள். பயிற்சியாளர் உட்காரச் சொல்லியும் நீங்கள் மட்டும் பாதி எழுந்தபடியே இருந்தீர்கள். ஒரு மாணவருக்கு ஒரு ஊழியர் என்று இணை போட்டபோது எனக்கு நீங்கள். என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு வராந்தாவில் கூட்டிக்கொண்டு போனீர்கள். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் தொடவே இல்லை. ‘படி. இன்னொரு படி. இப்ப தரை’ என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நான் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

முடிவெடுப்பது யார் பொறுப்பு என்ற வகுப்பு அன்று நீங்கள் பேசியதை இப்போதும் அப்படியே சொல்வேன். ‘எங்க அப்பா வாய்க்காலுக்கு லஸ்கரா இருந்தாரு சார். மதகு திறக்கிற கை அவரு கை. உத்தரவு வேற ஆளு கையில. ராத்திரி தண்ணி ஏறும்போது உத்தரவு வந்து சேராது. திறந்து ஊரு பொழைச்சா பொறியாளரு நல்லவரு. திறந்து வயலு முழுகினா லஸ்கர் குடிகாரன்.’ அரங்கம் அமைதியாகிவிட்டது. பயிற்சியாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார். அதைத்தான் கையேட்டில் அச்சடித்திருக்க வேண்டும்.

சரி, அந்தச் சாலைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் புயல், நிவாரணப் பொருள் ஏற்றிய லாரியில் நாம் போனது செவ்வாய்க்கிழமை. திருத்துறைப்பூண்டி தாண்டியதும் லாரியில் பேச்சு நின்றுவிட்டது. சாய்ந்த மின்கம்பங்களை ஒதுக்கி ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் வழி இருந்தது. அந்த ஊர் முகப்பில் காலிக் குடங்களைச் சாலைக்குக் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் இல்லை, நான்கு நாளாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஏற்ற அந்த ஊரில் காசும் இல்லை. நம்மிடம் 150 தார்ப்பாய், அரிசி, தண்ணீர் கேன்கள், மெழுகுவர்த்தி, கொசுவத்தி. எல்லாம் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளி முகாமுக்கு என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பட்டியல் என் பையில்.

‘மாணவத் தலைவர் உடனே இறங்கி மக்களிடம் பேசினார்’ என்கிறது கையேடு. நான் இறங்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்தேன், டவர் இல்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயிலில் அந்த இரும்பு சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை.

நீங்கள் இறங்கிப் போய், குடங்களுக்கு இந்தப் பக்கம், தார் ரோட்டிலேயே உட்கார்ந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாட்டி, ‘நீ எந்த ஊரு ஆயி?’ என்று கேட்டார். நீங்கள் ஊர் பெயரைச் சொன்னீர்கள். ‘அங்கயும் போயிடுச்சா?’ என்றார். ‘போயிடுச்சு’ என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

அப்புறம் ஆண்கள் வந்து 62 தலைக்கட்டு என்றார்கள். நீங்கள், ‘தலைக்கட்டு இருக்கட்டுங்கண்ணே’ என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பி, ‘எத்தனை அடுப்பு?’ என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குப் பிறகு எந்த நிவாரண விண்ணப்பத்திலும் பார்த்ததில்லை. கொல்லைப்புறம் தனியாகப் பொங்கித் தின்கிற கைம்பெண், பாகப்பிரிவினையில் திண்ணைக்கு வந்துவிட்ட மாமியார், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண். தலைக்கட்டில் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். ரேஷன் கார்டிலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். விரல் விட்டு எண்ணி, சண்டை போட்டு, மறுபடி எண்ணி 81 என்று சொன்னார்கள்.

‘தம்பி, இறங்கி வா. எழுது’ என்றீர்கள். அன்று நான் செய்த வேலை அதுதான். நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். 81-வது பெயர் எழுதி முடித்ததும் நீங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: ‘எண்பத்திரண்டு போடு. என் பேரு. என் அடுப்பும் நனைஞ்சுதான் கெடக்கு.’ ஒரு தார்ப்பாயை எடுத்து உங்கள் மடியில் வைத்தது அந்தப் பாட்டிதான். பெயருக்கு நேரே கையெழுத்தும் போட்டீர்கள். மிச்சம் 68 தார்ப்பாய் முகாமுக்குப் போனது.

பத்து நாள் கழித்து உங்களிடம் விளக்கம் கேட்டார்கள். பட்டியலில் இல்லாத ஊரில் பொருளை இறக்கியது ஏன், நிவாரணப் பொருளை ஊழியர் எடுத்துக்கொண்டது ஏன். யார் கேட்டார், என்ன தொனியில் கேட்டார் என்று இங்கே எழுத மாட்டேன். அவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கேட்பது அவர்கள் வேலை, பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நோட்டு என்னிடம் இருந்தது.

என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது இது. எனக்கு 19 வயது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் காய்ப்பில் இருந்த தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை, அப்பா நாள் முழுக்க அந்த மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோக என்னிடம் ஒரு நல்ல பெயரைத் தவிர எதுவும் இல்லை என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மைதான். அந்த அறைக் கதவு திறந்திருந்ததும் உண்மை. நான் அந்த வழியாக இரண்டு முறை நடந்து போனேன்.

பொங்கல் கழித்து நிறைவு விழா. ஐந்து நிமிடம் அனுபவம் சொல்லச் சொன்னார்கள். ‘நாங்கள்’ என்றுதான் ஆரம்பித்தேன் அக்கா, சத்தியமாக. எந்த இடத்தில் ‘நான்’ ஆனது என்று தெரியவில்லை. கைதட்டல் வந்த பிறகு ‘நாங்கள்’ என்று திரும்பிப் போக முடியவில்லை. 82 என்று சொன்னால் கேள்வி வரும் என்பது மட்டும் மூளையில் ஓடியது. 81-ல் நிறுத்தினேன்.

நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். வெளியே வந்ததும், ‘நல்லா பேசுனீங்க தம்பி. வாங்க, சாப்பிடலாம்’ என்றீர்கள். அதுவரை வா, போ என்றுதான் பேசியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து வாங்க, போங்க.

எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்? நான்கு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம். நோட்டைக் கொண்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடிப்போய் எடுத்து வந்திருப்பேன். வராந்தாவில் படி வருகிறது என்று சொன்னவர், அங்கே மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? ஒரு ‘ங்க’ சேர்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். இந்தக் கோபம் நியாயமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஏப்ரலில் உங்கள் தொகுப்பூதிய வேலையைப் புதுப்பிக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். அதைப் பற்றி இங்கே பேச எனக்கு வாய் இல்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது என்று எத்தனை முகாமில் மைக்கில் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், கோணார்க் சக்கரம் போட்ட பேட்ஜ், சான்றிதழ். எனக்கு எல்லாம் கிடைத்தது. அந்த நவம்பரில் என்னைவிட அதிக நேரம் லாரியில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு அது ‘கூடுதல் பணி’. பட்டியலை மீறினால் மாணவனுக்குத் தலைமைப் பண்பு, ஊழியருக்கு ஒழுங்கு நடவடிக்கை. ஒரே லாரியில் ஒரே முடிவுக்கு இரண்டு பெயர். இதைச் சொல்லாமல் அந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக உட்கார வைத்து நான் என்ன கற்றுக்கொடுப்பது?

நாளை திங்கட்கிழமை அந்த உத்தரவுக்குப் பதில் கொடுக்கிறேன். 14-ஆம் பக்கத்தை எடுத்துவிட்டு நடந்தது நடந்தபடி அச்சிட வேண்டும், இல்லையென்றால் நான் நடத்தவில்லை. ஊழியர் தரும் நேரமும் பதிவாக வேண்டும், சான்றிதழில் வர வேண்டும். நோட்டின் நகல் 82 பெயரோடும் அதில் இணைத்திருக்கிறேன். என்னுடையதும் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான், உங்களுக்குத் தெரியும். வீட்டில் சொல்லிவிட்டேன்.

மூல நோட்டு உங்களுக்குச் சேர வேண்டியது. அட்டையில் மெழுகு சிந்தியிருக்கிறது, உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது. கூரியரில் அனுப்பவா, பஸ் ஏறிக் கொண்டுவரவா என்று உங்கள் பெண்ணிடமாவது சொல்லி அனுப்புங்கள். நேரில் வந்தால் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன், உள்ளே கூப்பிட வேண்டாம். ‘வாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி