முன்னங்காலையும் பலகையில் எழுதுங்கள்: மதுரை ஆட்டுக்கறிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆட்டுக்கறிக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் பாய்மார்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடை வாசல் பலகையில் ஈரலுக்கு ஒரு விலை, தலைக்கு ஒரு விலை, குடலுக்கு ஒரு விலை, சூப்புக்குப் போடும் காலுக்கு ஒரு விலை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டில் பெரும்பங்காக இருக்கும் கறிக்கு மட்டும் ‘மட்டன்’ என்று ஒரே வரி. முன்னங்கால், பின்தொடை, நெஞ்சு, விலா, கழுத்து எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அதைப் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் பிரிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, தோள்பட்டையோடு சேர்ந்த முன்னங்கால் கறியை மட்டுமாவது தனியாக எழுதி, தனியாக வெட்டி, தனியாக நிறுத்துக் கொடுங்கள்.

இதற்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வீடு சர்க்கரை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் வந்துவிட்டது. கிலோ கணக்கில் வாங்கியவர்கள் அரைக் கிலோ, கால் கிலோவுக்கு இறங்கிவிட்டார்கள். கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கும்போது அதுவும் ஒரு காரணம்தான். கொழுப்பில்லாத கறியாகச் சாப்பிடச் சொல்லி டாக்டர் அனுப்பியதும் எல்லோரும் உங்களிடம் வந்து கேட்பது ஒன்றே ஒன்று: “தொடைக்கறியா போடுங்கண்ணே, தனிக்கறியா போடுங்க.” ஒரு ஆட்டுக்கு எத்தனை தொடை? காலை ஆறு மணிக்கு வந்தவருக்குத் தொடை கிடைக்கும். ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு நெஞ்சு, விலா, கொழுப்பு, சவ்வு எல்லாம் கலந்து விழும். இரண்டுக்கும் ஒரே விலை. இதில் முன்னங்கால் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அளவோடு கறி சாப்பிட நினைக்கும் வீட்டுக்குத் தொடையைவிடத் தோதானது முன்னங்கால்தான் என்பது என் கட்சி. வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும்தான் சேர்கிறது, தசைக்குள் அதிகம் இறங்குவதில்லை. தோள்பட்டையில் இருக்கும் கொழுப்பும் மேலாகவும் தசைகளுக்கு நடுவிலும் தனியாகத் தெரியும்; கத்தியால் வழித்து எடுத்துவிடலாம். செம்மறியில் அது கூடுதலாக இருக்கும், வழிப்பதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் ஆட்டுத் தோள்பட்டை, சாப்ஸ், கால் மூன்றையும் தனித்தனி உணவாகப் பிரித்துத்தான் சத்துக்கணக்கு போட்டிருக்கிறார்கள். அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கே வேறு வேறாகத் தெரிவது நம் பலகையில் மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்?

சமையலிலும் முன்னங்காலுக்கு ஒரு குணம் உண்டு. ஆடு நாள் முழுக்க நடந்து மேய்வதால் அந்தத் தசைகளுக்கு ஓய்வே கிடையாது. தசைக்குள்ளும் தசைகளுக்கு நடுவிலும் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு கூடுதலாக இருக்கிறது. அவசரமாக வறுத்தால் சவைக்க முடியாது. ஆனால் தண்ணீரோடு நிதானமாக வெந்தால் அந்தத் திசு கரைந்து குழம்பில் இறங்கும். தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றாமலே குழம்பு திக்காகிவிடும். அதே நேரம் குக்கரில் இருந்த தனிக்கறி நார் நாராக வறண்டு நிற்கும். எண்ணெயும் தேங்காயும் குறைக்க வேண்டிய வீட்டுக்கு எந்தக் கறி உதவும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி வெட்டும் விதம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தோள்பட்டைக்குள் அகலமாக, தட்டையாக, விசிறி மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது. நடுவில் கனமான மேடு, ஓரங்களில் மெல்லிசு. வரிசை நீளும்போது வெட்டுக்கத்தியை ஓங்கிப் போட்டால் அந்த மெல்லிய ஓரம் வெட்டுப்படாது, சிதறும். நகம் அளவுச் சில்லுகள் கறியோடு கறியாக வந்துவிடும். கழுவும்போது கண்ணில் படாது, சாப்பிடும்போது பெரியவர்களின் ஈறிலும் குழந்தைகளின் தொண்டையிலும் குத்தும். உங்களில் கைதேர்ந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டீர்கள். சின்னக் கத்தியை அந்த எலும்பை ஒட்டியே ஓட்டி, மேலும் கீழும் கறியைப் பிரித்து, எலும்பை முழுசாக உருவிவிடுவீர்கள். கீழே இருக்கும் உருண்டை எலும்பை மூட்டில் பிரித்து இரண்டு மூன்று துண்டாகப் போட்டால் போதும், அந்த நல்லியும் வீணாகாது. இதற்குக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும்தான். அதற்கும், வழித்துப் போடும் கொழுப்புக்கும் சேர்த்து விலையைக் கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்த பிறகு வழிப்பதைவிட, வழித்த பிறகு நிறுத்துக் கூடுதல் விலை சொல்வது நேர்மையான கணக்கு. கொழுப்பு வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

வாங்க வருகிறவர்களுக்கும் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும், அது எங்கள் பொறுப்பு. வெள்ளாடா செம்மறியா என்பதற்கு நீங்கள் வாலை வெட்டாமல் தொங்கவிடுவது நல்ல வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். முன்னங்காலைப் பொறுத்தவரை நான் பார்ப்பது: கறி வெளிர்சிவப்பாக இருந்தால் இளசு, கருஞ்சிவப்பாக நார் தடித்து இருந்தால் முற்றல். கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து உடனே மேலே வர வேண்டும். பிசுபிசுத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ வேண்டாம். முற்றல் கறி கெட்ட கறி இல்லை, நேரம் கொடுத்தால் அதன் ருசி தனி. ஆனால் முற்றல் என்று சொல்லி விற்க வேண்டும்.

வாடிக்கையாளர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று உண்டு. ஆடு நோயில்லாததுதானா என்பது. அதற்குத்தான் மாநகராட்சி ஆடுவதைக்கூடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை போடுகிறார். அந்த முத்திரை இருக்கும் பகுதி காலை முதல் வியாபாரத்திலேயே வெட்டுப்பட்டுப் போய்விட்டால் பின்னால் வருகிறவர் எதைப் பார்த்து நம்புவார்? அந்தப் பகுதியைக் கடைசிவரை தொங்கவிடுங்கள். அப்புறம், கறி வாடாமல் இருக்க மேலே ஈரத்துணி போர்த்துகிறார்களே, அது வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிகளே கூடாது என்கின்றன. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். புளியமரக் கட்டையை விடச் சொல்லவில்லை. கெட்டியான மரம் என்றால் விதியும் ஒப்புக்கொள்கிறது, தினமும் சுரண்டிக் கழுவி வெயிலில் காய வைத்தால் சரி.

கறி உங்கள் கையை விட்டுப் போன பிறகு நடப்பதிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. நீங்கள் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், டாக்டர் சொன்னால்கூடக் கேட்க மாட்டார்கள். கறி வாங்கிக்கொண்டு காய்கறிக் கடை, மளிகைக் கடை, டீக்கடை என்று சுற்றுகிறவரிடம், “அண்ணே, கறியை கடைசியா வந்து வாங்குங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சித்திரை வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் பச்சைக்கறி இருக்கக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பைக்குள் புழுங்கவே கூடாது. 2019 ஜனவரியிலிருந்து அந்தப் பைக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. தேக்கு இலை, தாமரை இலை அல்லது மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. எங்களைத் தூக்கு கொண்டுவரச் சொல்லி அதட்டுங்கள், தப்பில்லை.

வீட்டில் வைத்துக்கொள்ளும் முறையிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘இப்பத்தான் அறுத்த கறி’ என்பது நமக்குப் பெருமை. ஆனால் அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், குளிர்ச்சியில் ஒரு நாள் இருந்தால் தளர்ந்து மென்மையாகும். விறைப்பு வந்து அடங்குவதற்குள் ஃப்ரீசரில் திணித்தால் கறி சுருங்கி முரடாகிவிடும். ஆகவே காலையில் வாங்கிய முன்னங்காலை மூடிய பாத்திரத்தில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்குள் வைத்து மறுநாள் சமைத்தால் நன்றாகவே இருக்கும். கீழ்த்தட்டு எதற்கென்றால், கறியில் கசியும் நீர் தயிர் மேலும் கீரை மேலும் சொட்டக் கூடாது. துண்டுக்கறி மூன்று நாள் தாங்கும், கொத்துக்கறியை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில் வைக்கலாம். எடுக்கும்போது முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும், சமையல் மேடையில் காலை முழுக்கப் போட்டுவைக்கக் கூடாது. பாட்டிமார் மஞ்சளும் உப்பும் தடவிக் காயவைத்த உப்புக்கண்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரத்த அழுத்தம் இருக்கிற வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்னங்காலை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நீங்கள் தால்ச்சாவைச் சொல்லுங்கள். பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிக்குப் பக்கத்தில் துணைக்கு வரும் அதே தால்ச்சா, வீட்டில் தனியாகவே ஒரு முழுச் சாப்பாடு. அரைக் கிலோ முன்னங்கால் கறியைச் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள், கொஞ்சம் உப்புப் போட்டு ஆறேழு விசில் விட்டு முதல் நாள் மாலையே வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் திறந்தால் மேலே வெள்ளை ஆடையாகக் கொழுப்பு உறைந்திருக்கும். கரண்டியால் அப்படியே தூக்கிவிடலாம். அடியில் இருக்கும் சாறு இளகாமல் ஜெல்லி மாதிரி நிற்கும், நான் மேலே சொன்ன கொலாஜன் அதுதான். அப்புறம் வேகவைத்த கடலைப்பருப்பு, பெரிய துண்டாகச் சுரைக்காய், கத்தரிக்காய், மாங்காய்க் காலமென்றால் இரண்டு கீற்று மாங்காய், இல்லாவிட்டால் கொஞ்சம் புளி, எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டு ஒரு கரண்டி எண்ணெயில் பட்டை, கறிவேப்பிலை தாளித்தால் ஆறு பேருக்குத் தாராளம். ஆளுக்குக் கறி இரண்டு மூன்று துண்டுதான், ஆனால் தட்டில் கறி இல்லையே என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முருங்கைக்காய் போட்ட தண்ணிக் குழம்பும் இதே வழிதான், இட்லிக்கு அதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை.

நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பு இறைச்சி அதிகமானால் குடல் புற்றுநோய்க்கு வழி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். அரைக் கிலோவை ஆறு பேர் பகிரும் தால்ச்சா வாரம் இரண்டு முறை வந்தாலும் இந்த அளவுக்குள் அடங்கும். புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம், பி12 எல்லாம் இதிலேயே கிடைத்தும்விடும். கறியே கூடாது என்று பயந்து உங்கள் கடைப் பக்கமே வராமல் போகிறவரைவிட, வாராவாரம் அரைக் கிலோ முன்னங்கால் வாங்குகிறவர் உங்களுக்கும் நல்ல வாடிக்கைதானே. சிறுநீரகக் கோளாறும் யூரிக் அமிலத் தொல்லையும் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தீபாவளி வரிசையிலோ ஆடி மாதக் கூட்டத்திலோ இதையெல்லாம் ஆரம்பிக்கச் சொன்னால் அது அநியாயம். புரட்டாசியில் பாதி ஊர் கறியைத் தொடாது, கடையில் ஈயடிக்கும். பலகையை அப்போது எழுதிவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகளுக்குத் தோள்பட்டை எலும்பை உருவும் விதத்தையும் அந்த மாதத்திலேயே பழக்கிவிடலாம். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு நான் தூக்கோடு வந்து முன்னங்கால் அரைக் கிலோ கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கடை வரிசையில் நிற்கும் ஒருத்தி