அறுவடை வரையாவது பொறுங்கள்: அமெரிக்க வேளாண் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க வேளாண் துறைச் செயலர் புரூக் ரோலின்ஸ் அவர்களுக்கு,

வணக்கம்.

கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு, இங்கே மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் பல ஆண்டுகளாகச் சோளத்தில் (மக்காச்சோளம் அல்ல, நம் ஊர்ச் சோளம்) பயிர் இனப்பெருக்க ஆராய்ச்சி செய்துவருபவன் எழுதுகிறேன். ஆராய்ச்சி மானிய விதிகளில் 2025இல் என்னவெல்லாம் மாறியது என்பதை உங்களுக்கே நான் விளக்குவது அழகல்ல. நேராகக் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன். கொடுத்த மானியத்தை நிறுத்தியே தீருவது என்று முடிவெடுத்தால், பயிர் வயலில் நிற்கும்போது நிறுத்தாதீர்கள். அறுவடை வரையாவது பொறுங்கள்.

2025 ஆகஸ்ட் 7 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து வந்த ஆணையைப் படித்தோம். புதிய மானியங்களை அரசியல் நியமனத்தில் வந்த மூத்த அதிகாரிகள் பார்த்து ஒப்ப வேண்டும், துறை வல்லுநர்களின் மதிப்பீடு இனி ஆலோசனை மட்டுமே என்கிறது அது. அதிபரின் கொள்கைகளுக்கு மானியம் துணைபோக வேண்டுமாம். சரி, தேர்தலில் வென்றவர்கள் தங்கள் முன்னுரிமைப்படி புதுப் பணத்தை ஒதுக்குவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஏற்கெனவே கையெழுத்தான மானியத்தையும் அரசின் 'வசதி' கருதி இடையில் முடித்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தை எல்லாத் துறைகளும் சேர்க்க வேண்டும் என்கிறதே, அதுதான் எங்கள் வயிற்றைக் கலக்குகிறது. 'முன்னுரிமைகளுக்குப் பொருந்தவில்லை' என்று சொல்லி நிறுத்தும் வழி 2020ஆம் ஆண்டு விதித் திருத்தத்திலேயே இருக்கிறது. இருக்கிற கத்தி போதாதென்று இன்னொன்றா?

அந்தக் கத்தி விழுந்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் சோளத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் தாக்குதலைத் தாங்கும் வகைகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர். எந்தப் பல்கலைக்கழகம், எந்த அலுவலகத்தின் பணம் என்று எழுதப் போவதில்லை. அவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஜூன் தொடக்கத்தில் விதைத்தார்கள். ஜூலைக் கடைசியில், கதிர் வெளிவரும் நேரத்தில், கடிதம் வந்தது. திட்டம் இனி முன்னுரிமைகளுக்குப் பொருந்தவில்லை, இன்றிலிருந்து செலவு செய்யக் கூடாது. காரணம் என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

சோளத்தில் இந்த நேரம் என்ன நேரம் என்பது உங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதிர் வெளிவந்து பூ விரிவதற்குள் ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பக்கத்து வரிசையின் மகரந்தம் வந்து விழும், அந்த விதையை நம்ப முடியாது. சில நாட்கள் தவறினால் அந்த ஆண்டு தவறியது. கோடைக்காக எடுத்திருந்த மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அவர்களை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் நாலைந்து பேர் சனி ஞாயிறுகளில் போய் முடிந்த மட்டும் உறை போட்டோம். பாதி வயலுக்கு மேல் முடியவில்லை. மிச்சத்தைக் குருவிகள் தின்றன.

பழைய விதைதான் குளிரறையில் இருக்கிறதே, அடுத்த ஆண்டு மறுபடி விதைத்தால் என்ன என்று கேட்கலாம். விதைக்கலாம். யார் விதைப்பது? எந்த வரிசையில் எந்தச் செடி அசுவினி ஏறியும் வாடாமல் நின்றது, எது பார்க்க நன்றாக இருந்து கடைசியில் சாய்ந்தது என்பதில் நோட்டுப் புத்தகத்தில் ஏறுவது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நடந்து பார்த்தவரின் கண்ணில் இருக்கிறது. அந்தத் தம்பி இருப்பது எச்-1பி விசாவில். சம்பளம் நின்றால் வேறு வேலை பிடிக்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள். விதைத்த சோளம் பூக்கவே ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். மனைவி, பள்ளிக்குப் போகத் தொடங்கிய பெண் குழந்தை, இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம். இதில் அவர் எந்த வயலைப் போய்ப் பார்ப்பார்?

இதனால் அரசுக்கு எவ்வளவு மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்தாண்டுத் திட்டத்தை நான்காம் ஆண்டில் நிறுத்தினால் மிச்சமாவது கடைசிப் பகுதி. முன்பு செலவான மூன்று ஆண்டுப் பணத்துக்கு அரைகுறை விதையும் முடியாத கணக்கும்தான் மிஞ்சும். சிக்கனம் என்பதற்கு எங்கள் ஊரில் வேறு பொருள் உண்டு.

அசுவினி சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2013இல் டெக்சாஸ், லூசியானா சோள வயல்களில் கரும்பு அசுவினி இறங்கியது. அடுத்த ஆண்டே கான்சாஸ் வரை வந்துவிட்டது. அதைத் தாங்கும் மரபணு எத்தியோப்பியாவின் நாட்டுச் சோளத்திலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நாடு நாடாக விதை பரிமாறியதில் கைமாறிக் கைமாறி, அதே அசுவினி தாக்கிய ஹெய்டியின் சோள வயல்களை அந்த மரபணு அழிவிலிருந்து மீட்டது. அந்தக் கதையைத் துப்பறிந்து சொன்னவர்களில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து நடத்தப்பட்ட சோள, சிறுதானிய ஆய்வுத் திட்டத்தினரும் உண்டு. வெளிநாட்டு உதவிப் பணத்தில் நடந்தது அது. 2025 தொடக்கத்தில் அதையும் நிறுத்தியாயிற்று. அது உங்கள் துறை அல்ல, தெரியும். ஆனால் அசுவினிக்கு எது எந்தத் துறை என்று தெரியாது.

ஈ கதையையும் நினைவூட்ட அனுமதியுங்கள், நீங்கள் டெக்சாஸ்காரர். மாட்டின் புண்ணில் முட்டையிட்டு உயிரோடு தின்னும் ஸ்குரூவோர்ம் ஈயை ஒழிக்க, அதன் பெண் ஒரே முறைதான் இணைசேரும் என்பதைக் கண்டு, மலட்டு ஆண் ஈக்களை வளர்த்துப் பறக்கவிடலாம் என்று யோசித்தவர்கள் உங்கள் துறையின் நிப்லிங்கும் புஷ்லாந்தும். ஈயின் தாம்பத்தியத்தை ஆராய அரசுப் பணமா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. 1954இல் குராசாவ் தீவில் வென்றார்கள். 1966இல் அமெரிக்க மண்ணிலிருந்து அந்த ஈ ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. இப்போது அது மெக்சிகோ வழியாக மேலே ஏறிவர, நீங்களே அங்கிருந்து மாடுகள் வராதபடி எல்லையை மூடினீர்கள், டெக்சாஸில் மலட்டு ஈ உற்பத்தி ஆலைக்கு 75 கோடி டாலர் என்று அறிவித்தீர்கள். நல்ல முடிவு, மனமாரச் சொல்கிறேன். நிப்லிங்கின் விண்ணப்பம் இன்று உங்கள் முன்னுரிமை அதிகாரியின் மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

2025 மார்ச் 7 அன்று நீங்கள் பெருமையாக ரத்து செய்த ஆறு லட்சம் டாலர் மானியமும் நினைவுக்கு வருகிறது. திருநம்பிகளின் மாதவிடாயை ஆராயும் திட்டம் என்று அறிவித்தீர்கள். லூசியானாவின் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பருத்தி, சணல் வகை, கம்பளி போன்ற இயற்கை இழைகளில் மாதவிடாய் அணையாடை செய்வது பற்றிய திட்டம் அது. விண்ணப்பத்தின் ஒரு வரியில் திருநம்பிகள் என்ற சொல் இருந்திருக்கிறது, போதுமாகிவிட்டது. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுதினால் எந்தச் சொல் எந்தப் பட்டியலில் மாட்டுமோ, யாருடைய வயல் பறிபோகுமோ?

அப்புறம், பெல்ட்ஸ்வில். அங்கே 1910 முதல் இருக்கும் உங்கள் துறையின் ஆராய்ச்சிப் பண்ணையைக் காலி செய்யப் போவதாக 2025 ஜூலையில் சொன்னீர்கள். 2019இல் உங்கள் துறையின் மானிய நிறுவனத்தைக் கான்சாஸ் சிட்டிக்கு மாற்றியபோது ஊழியர்களில் பெரும்பாலோர் போகாமல் விலகிக்கொண்டதையும், ஒதுக்கிய பணம் கைக்கு வர நாங்கள் காத்துக் கிடந்ததையும் மறந்துவிட்டு இந்தத் திட்டத்தைப் படிக்க முடியவில்லை. கட்டடத்தை மாற்றிவிடலாம், அதில் இருபது ஆண்டு இருந்த ஆளை மாற்ற முடியாது.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் வேளாண் மேம்பாடு படித்தவர். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட நிலக்கொடைச் சட்டத்தால் பிறந்த கல்லூரிகளில் ஒன்று அது. அங்கே விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே யாரையும் வெளியே அனுப்பும் பழக்கம் இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மானிய நிறுத்தக் கடிதம் எப்போது வந்தாலும், அது அந்தப் பருவத்தின் அறுவடை முடிந்து, விதை உலர்ந்து குளிரறைக்குப் போன பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். அதுவரை அதில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் நிற்கக் கூடாது. நிறுத்துவதன் காரணத்தை அந்தத் திட்டத்துக்கே உரியதாக, மேல்முறையீட்டில் பதில் சொல்லக்கூடியதாக எழுதித்தர வேண்டும். மாட்டுப் பண்ணையில் ஆய்வு என்றால் ஈற்று முடியும் வரை, மரப்பயிர் என்றால் அந்த ஆண்டுக் காய்ப்பு முடியும் வரை என்று உங்கள் வல்லுநர்களே வரையறுத்துக்கொள்ளட்டும்.

புதிய ஷரத்துகளை உங்கள் துறை எழுதும்போது இந்த ஒரு பத்தியைச் சேர்த்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குளிர்காலத்திலும் ஒரு தலைமுறைப் பயிர் வளர்க்க வெப்பமான போர்ட்டோ ரிகோவுக்கு விதை அனுப்பும் காலம் வந்துவிட்டது. அதற்குள் ஒரு பதில் வந்தால், அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மத்திய மேற்கிலிருந்து
ஒரு சோள ஆராய்ச்சியாளன்